திண்ணையில் திறந்த பேரேடு

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு பெண் சி.ஏ. படிக்கிறாள். ஆர்ட்டிகிள்ஷிப்பில் இரண்டாவது வருடம். போன வாரம் மாலை நடைக்குப் போனபோது வாசலில் நின்றுகொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தாள்.

"தாத்தா, ஒண்ணு கேக்கணும். எங்க சித்தப்பா கடைக்கும் இன்னும் ரெண்டு கடைக்கும் வீட்டுல இருந்தே நான் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் குடுக்கலாம்னு இருக்கேன். கடைக்கு ஆயிரம் ரூபா தர்றேங்குறாங்க. இதை எங்க ஆடிட்டர் சார்கிட்ட சொல்லணுமா, வேண்டாமா?"

"நாளைக்குச் சொல்றேம்மா" என்று நழுவி வந்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. 1975ஆம் வருடம் நான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லுமுன், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊரார் கணக்கை எழுதும் வழக்கம் நம் பக்கத்தில் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் என் கதை விளங்காது.

நம் கிராமங்களில் கணக்கு என்பதே வீட்டில் இருந்ததுதான். கர்ணம் என்றும் கணக்குப்பிள்ளை என்றும் சொல்வோமே, அவருக்குத் தனி ஆபீஸ் கிடையாது. அடங்கலும் சிட்டாவும் அவர் வீட்டு மரப்பெட்டியில் இருக்கும். பட்டா மாற்ற வேண்டியவர்கள் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போக வேண்டும். மகன் பத்து வயதிலிருந்தே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான், பிறகு கூட்டிப் போடுவான், பிறகு எழுதுவான். அப்பா படுத்துவிட்டால் அவனே கர்ணம். பயிற்சி எங்கே முடிந்தது, தொழில் எங்கே தொடங்கியது என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவர்களுக்குப் பின்னம் தண்ணீர் பட்ட பாடு. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு. ரூபாய்க்கு 16 அணா, 192 பை என்றிருந்த காலத்தில் இந்த மனக்கணக்கு இல்லாதவன் பேரேட்டைத் தொட முடியாது. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தபோது ரூபாய் நூறாக உடைந்தது. கணக்கு எளிதாகிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அந்த மனக்கணக்கும் அதோடு மெல்லப் போய்விட்டது.

நகரத்தார் இதை ஒரு முறையாகவே வைத்திருந்தார்கள். மீசை முளைக்காத வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், கடையைக் கூட்டுவதிலிருந்து கடிதம் நகலெடுப்பது வரை செய்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாகி, பர்மாவுக்கோ மலாயாவுக்கோ இலங்கைக்கோ மூன்று வருடக் கணக்குக்குப் போவான். கையில் நாலு காசு சேர்ந்ததும் தனிக்கடை போட்டுவிடுவதும் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள். அங்கே எழுதுகிறவன் கொழும்பிலோ ரங்கூனிலோ இருப்பான். அந்தக் கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்கிறவர் செட்டிநாட்டு வீட்டில் இருப்பார். இருவரும் ஒரே ஆள் அல்ல. இதை நான் புரிந்துகொண்டது மிகவும் பிந்தித்தான்.

சர்க்கார் இந்தத் தொழிலுக்குள் வந்தது கம்பெனிச் சட்டத்தோடு. 1913இல் இயற்றி 1914 ஏப்ரலில் அமலுக்கு வந்த அந்தச் சட்டம், கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்யச் சான்று பெற்றவர்தான் வேண்டும் என்றது. 1918இல் பம்பாயில் ஜி.டி.ஏ. என்ற அரசாங்க டிப்ளமோ வந்தது. பரீட்சை மட்டும் போதாது, அனுபவம் உள்ள ஒரு கணக்காயரிடம் மூன்று வருடம் பயிற்சியும் வேண்டும். 1932இல் கணக்காயர் வாரியம் அமைந்து, 'ரெஜிஸ்டர்டு அக்கவுண்டண்ட்' என்ற பட்டம் புழக்கத்துக்கு வந்தது. எங்கள் ஊரில் பழைய பெயர்ப்பலகைகளில் 'ஆர்.ஏ.' என்று போட்டிருப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். 1949 ஜூலை முதல் தேதியிலிருந்து சார்ட்டர்டு அக்கவுண்டண்ட்.

இந்த வரலாற்றில் நம் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையாரைச் சொல்லாமல் போகக்கூடாது. இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் அவர். சுதந்திரப் போராட்டத்தில் ஓராண்டு வேலூர் சிறையில் இருந்தவர். ஆடிட்டர் ஆக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்ததே அந்தச் சிறையில்தான் என்பார்கள். வெளியே வந்து, பயிற்சி முடித்து, 1933இல் ஜி.டி.ஏ. தேறினார். சிறை சென்றவர் பதிவு செய்துகொள்ள முடியாது என்று ஒரு தடை குறுக்கே நின்றது. அதை எதிர்த்து வழக்காடி வென்று, 1937இல் தனியாகத் தொழில் தொடங்கினார். பின்னாளில் இன்ஸ்டிட்யூட்டின் தென்னிந்தியக் கவுன்சிலுக்குத் தலைவராகவும் இருந்தார். உரிமை கிடைக்கும் வரை நான்கு வருடம் காத்திருந்தவர் அவர். எனக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போனது.

சட்டம் கம்பெனிகளோடு நின்றிருந்தால் எங்களைப் போன்ற ராக்கணக்கர்கள் பிறந்திருக்க மாட்டோம். எங்களைப் பெற்றெடுத்தது 1939ஆம் வருடத்துச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளுக்கடை வருமானம் போன இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. இந்தியாவிலேயே முதல்முறையாகப் பொதுவான விற்பனை வரி இங்கே வந்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விற்கிறவர்கள் எல்லாம் கணக்குக் காட்ட வேண்டும். அதுவரை தன் மனசிலும் ஒரு சிட்டைப் புத்தகத்திலும் வியாபாரத்தை வைத்திருந்த மளிகைக்காரருக்கும் ஜவுளிக்காரருக்கும் திடீரென்று நாள்வழி, பேரேடு, கொள்முதல் புத்தகம், விற்பனைப் புத்தகம் எல்லாம் தேவைப்பட்டன. முழுநேரக் கணக்குப்பிள்ளை வைக்க எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா? பகலில் மில்லிலோ ஸ்கூலிலோ ஆடிட்டர் ஆபீஸிலோ வேலை பார்க்கிற ஒருவர் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வந்து எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஆனது. 1959இல் புதுச் சட்டம் வந்த பிறகு, மாதா மாதம் ரிட்டர்ன், 'சி' ஃபாரம் என்று இந்தத் தேவை இன்னும் கூடியது.

நான் பி.காம். முடித்து 1974இல் மதுரையில் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஸாகச் சேர்ந்தேன். அப்பா மில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் கிடையாது. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். ஆபீஸில் மாதம் கொடுத்த தொகை பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாக இருக்கும்.

கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் சாக்குக் கடை வைத்திருந்தார் அண்ணாச்சி ஒருவர். கல்கத்தாச் சாக்கு வரும். பழைய சாக்கைப் பிரித்துத் தைத்தும் விற்பார்கள். அந்தக் கடைக்கு நாற்பது வருடமாகக் கணக்கு எழுதிய பெரியவருக்குக் கண்ணில் புரை. "பகல்ல அவர் சொல்லுவாரு, ராத்திரி நீங்க எழுதுங்க தம்பி. மாசம் முப்பது ரூபா" என்றார் அண்ணாச்சி. ஒரு வருடத்தில் அது நான்கு கடையாகி, மாதம் 140 ரூபாய் வந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் நாற்பது வாட்ஸ் பல்பின் கீழ் சிவப்புத் துணி அட்டை போட்ட நீளப் பேரேடுகள் அடுக்கிக் கிடந்தன. தெருவில் 'ஆடிட்டர் வீடு' என்று பெயர். நான் ஆடிட்டர் இல்லை, இன்றுவரை இல்லை. ஆனால் நம் ஊரில் பேனாவைக் காதில் செருகியவன் எல்லாம் ஆடிட்டர்தானே. பத்து வருடம் மறுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பயிற்சிக் காலத்தில் இன்ஸ்டிட்யூட் அனுமதி இல்லாமல் வேறு வேலையோ தொழிலோ செய்யக்கூடாது என்பது விதி. அது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். எல்லோரும் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உண்மையில் நான் தொழில் படித்தது அந்தப் பெரியவரிடம்தான். வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசுவார். பற்று வரவு பார்க்காமல் இரவு சாப்பிட்டதில்லை என்பார். பெருமையாகச் சொல்ல மாட்டார், பல் தேய்த்தேன் என்பது போலச் சொல்வார். "கூட்டல்ல வித்தியாசம் வந்தா முதல்ல ஒன்பதால வகுத்துப் பாரு. மீதியில்லாம வகுபட்டா ரெண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கும்" என்பதை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஆபீஸில் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம்.

1976இல் அண்ணாச்சி வங்கியில் கடன் கேட்டார். ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கு வேண்டும் என்றது வங்கி. எந்த ஆடிட்டரிடம் போவார்? நான் இருக்கிற ஆபீஸுக்கே வந்துவிட்டார். வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மனுஷர் புரிந்துகொண்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். மறுநாள் சீனியர், "சாக்குக் கடை ஆடிட், நீயே பாத்துடு" என்று என் கையில் கொடுத்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

திறக்கவில்லை. நான் ராத்திரியில் நீல மசியில் எழுதிய பதிவுகளைப் பகலில் நானே பச்சைப் பென்சிலால் டிக் செய்தேன். இரண்டு நாள் வேலை. அந்த வருடக் கணக்கில் 90 ரூபாய் வித்தியாசம் ஒன்று இருந்தது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த சமயம், ராத்திரி ஒரு மணி வரை தேடியும் கிடைக்காமல் 'சஸ்பென்ஸ்' என்று ஒரு கணக்கைத் திறந்து அதில் போட்டிருந்தேன். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. "கிடைக்காத காசுக்குப் பேரு வைக்காத தம்பி, தேடு" என்றார். தேடவில்லை. ஆடிட்டில் அதைப் பார்த்ததும் கேள்வி எழுதி வைக்க வேண்டியவன் நான். அதற்குப் பதிலாகச் சில்லறைச் செலவில் சேர்த்து முடித்துவிட்டேன். 90 ரூபாய்தானே.

ஆடிட்டர் சார் ஃபைலைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு பக்கம் அண்ணாச்சி கடைப் பேரேடு, இன்னொரு பக்கம் என் ஒர்க்கிங் பேப்பர். நான் ஏழு போட்டால் குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவேன். இரண்டிலும் அந்தக் கோடு இருந்தது.

"ரெண்டும் ஒரே கைதானேப்பா?"

"ஆமா சார்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீ எழுதினது சரியா தப்பான்னு நான் கேக்கல. எழுதினவனே பாத்தும் இருக்கான். அப்ப நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடுறது?" என்றார். பிறகு, "வீட்டுக் கணக்கை விட்டுட்டு இங்க முடி. இல்ல, அதுதான் வேணும்னா இதை விட்டுடு. ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லு" என்றார். இன்ஸ்டிட்யூட்டுக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

பல வருடம் கழித்து ஒரு சுற்றுலாவில் உத்திரமேரூர் கோயில் சுவரைப் பார்க்கப் போனேன். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. குடவோலைத் தேர்தல் பற்றியது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்று அதில் இருக்கிறது. கணக்கு எழுதியவன் தானே அதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அது சரி என்று தெரியும் வரை அவனுக்கு மறுபடி வேலை கிடையாது என்றும் இருக்கிறது. கூட வந்தவர்கள் ஓலைக் குடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வரிகளைத் தாண்டவில்லை. எழுதுகிறவன் ஒருவன், பார்க்கிறவர் வேறொருவர். இவ்வளவுதான் ஆடிட்டர் சார் சொன்னது.

இரண்டு நாளில் நான் 140 ரூபாயைத் தேர்ந்தெடுத்தேன். பயிற்சி முடிய எட்டு மாதம்தான் இருந்தது. மூத்த தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்பாவால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடியாது. இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனால் ஊரில் நான் சொன்னது வேறு. ஏழைப் பையன் நாலு காசு சம்பாதித்தது பொறுக்காமல் ஆடிட்டர் வெளியே அனுப்பிவிட்டார் என்று இருபது வருடம் சொல்லித் திரிந்தேன். அம்மா அதை நம்பியே போய்ச் சேர்ந்தாள். என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை. இதை இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

ஆபீஸை விட்டு வந்த அன்று ராத்திரி பேரேட்டை எடுத்து உட்கார்ந்தேன். 90ஐ ஒன்பதால் வகுத்தால் பத்து. மீதி இல்லை. இடம் மாறிய இலக்கத்தைத் தேடினேன். ஒரு மணி நேரம் ஆகவில்லை. கல்கத்தா மண்டிக்குக் கொடுத்த 1,890 ரூபாயைப் பேரேட்டில் 1,980 என்று ஏற்றியிருந்தேன். காலையில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு ஆபீஸ் படியில் நின்றேன். சார் சீட்டைப் படித்தார். "உள்ள வா, காபி சாப்பிட்டுப் போ" என்றார். அண்ணாச்சி கணக்கை வேறொரு பையனை வைத்துத் திரும்ப முதலிலிருந்து பார்த்து, திருத்தி, அதன் பிறகே கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு இரும்புக் கடைக்காரர் வந்து, "உங்க ஆடிட்டர்தான் அனுப்பினார். எழுதுறதுக்கு நீங்க, பாக்குறதுக்கு அவராம்" என்றார். சார் கடைசி வரை எனக்கு ஆள் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார். அப்படி அனுப்புகிறவரைப் பற்றித்தான் நான் ஊரில் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு விற்பனை வரி பிராக்டிஷனராகப் பதிந்துகொண்டேன். தொழில் திண்ணையிலேயே வளர்ந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தது. கர்ணங்கள் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கர்ணம் ஒருவர் மரப்பெட்டியில் இருந்ததை எல்லாம் ஒப்படைத்துவிட்டு, வேலை கேட்டு என் திண்ணைக்கு வந்தார். எட்டு வருடம் என்னோடு இருந்தார். அவர் கூட்டிய பக்கத்தை நான் மறுபடி கூட்டியதே இல்லை. ஆனாலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்ததால், அவர் வருத்தப்படக்கூடாது என்று பார்ப்பது போல் பாவனை செய்வேன்.

1984ஆம் வருட நிதிச் சட்டத்தில் 44 ஏபி பிரிவு வந்தது. நாற்பது லட்சத்துக்கு மேல் விற்கிற வியாபாரி ஆடிட் செய்தே ஆக வேண்டும். எங்களைப் போன்றவர்கள் பிழைப்புப் போச்சு என்று பயந்தோம். நடந்தது தலைகீழ். ஆடிட்டர் பார்க்க வேண்டுமென்றால் முதலில் யாராவது ஒழுங்காக எழுதியிருக்க வேண்டுமே. அடுத்த பெரிய மாற்றம் 1989 மார்ச் 31. அதுவரை சித்திரைக் கணக்கு, தீபாவளிக் கணக்கு என்று அவரவர் வழக்கப்படி வருடம் வைத்திருந்தார்கள். இனி எல்லோருக்கும் மார்ச் 31தான் என்று ஆனது. தீபாவளிக் கணக்குக்காரர்களுக்கு அந்த ஒரு தடவை மட்டும் வருடம் பதினேழு மாதத்துக்கு மேல் ஓடியது. அண்ணாச்சி அதைக் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. சர்க்காருக்கு மார்ச், சாமிக்குச் சித்திரை என்று, சித்திரை முதல் தேதி ஒரு புதுநோட்டில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டு வைப்பார். அதில் பிறகு எதுவும் எழுதமாட்டார்கள். 2007இல் வாட், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அதற்குள் பேனா போய்க் கம்ப்யூட்டர் வந்து, நானும் ஓய்ந்துவிட்டேன்.

மறுநாள் மாலை அந்தப் பெண்ணை வீட்டுக்கு வரச்சொல்லி இதையெல்லாம் சொன்னேன். ஆபீஸில் முதலில் சொல், இன்ஸ்டிட்யூட் அனுமதியை எழுத்தில் கேள், கிடைக்கவில்லை என்றால் முடியும் வரை பொறு, அந்த மூன்று கடையும் எந்தக் காலத்திலும் உன் ஆபீஸ் ஆடிட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள் என்றேன். "பொறுக்க முடியாத நிலைமைன்னா?" என்று கேட்டாள். அவள் அப்பாவுக்கு ஆறு மாதமாக வேலை இல்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளுக்காக அவள் ஆடிட்டரிடம் நான் வேண்டுமானால் வந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சாக்குக் கடை மூடியபோது அண்ணாச்சி மகன் பழைய புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் எனக்கு ஒன்று கொடுத்தார். 1976ஆம் வருடப் பேரேடு. அலமாரியிலிருந்து எடுத்து அவளிடம் காட்டினேன். பூச்சி அரித்த ஓரங்களைப் பார்த்துப் பார்த்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்று, நீல எழுத்துக்குப் பக்கத்தில் இருந்த பச்சை டிக்கின் மேல் விரலை வைத்தாள்.

"ரெண்டும் உங்க கையா தாத்தா?"

"ஆமாம்மா" என்றேன்.